அட்மின் மட்டும் பேசலாம்

நவம்பர் 3, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். கொடியில் கிடக்கும் புடவை காய்வேனா என்கிறது. மாவு மட்டும் எப்படியோ பொங்கிவிட்டது. சர்ச் முடிந்து ரூபி தூக்குவாளியோடு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை இட்லி மாவு என் வீட்டில், கிறிஸ்துமஸ் கேக் அவள் வீட்டில். நாங்கள் இருவரும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்த வருஷம் போட்ட ஒப்பந்தம், இன்னும் ஓடுகிறது.

"காலங்காத்தால குரூப்புல அந்தாளப் பத்திப் போட்டிருக்க. ஒனக்கு வேற சோலி இல்லையாட்டி?" என்றாள்.

அந்தாள் என்றால் ஒரு நாட்டின் அதிபர். பெயரை எழுதி இந்த டைரியை அழுக்காக்க விருப்பமில்லை. பத்திரிகை ஆபீஸைப் பூட்டி ஆசிரியரை உள்ளே தள்ளியிருக்கிறார். ரூபியின் மகன் ஆல்வின் அந்த நாட்டுத் துறைமுகத்தில்தான் வேலை பார்க்கிறான். அதனால் ரூபிக்கு அந்தாள் ரட்சகர்.

"பேப்பரப் பூட்டுனா பூட்டட்டும். ரோட்டுல ஒரு குப்பை கிடையாதாம். பொம்பளப் பிள்ளைய தனியா நடந்து போகுதாம். ஆல்வின் சொல்லுதான்."

"பெருக்கித் துடைச்சு வச்சாலும் ஜெயிலு ஜெயிலுதான்" என்றேன்.

வாளியை இறுக்கி மூடினாள். "எம்புள்ள அங்க இருக்கான் செம்பா. அந்தாள் மோசம்னு நான் நம்பிட்டேன்னா, பிறகு நான் எப்பிடித் தூங்க?"

இதெல்லாம் ஒரு வாதமா? அவள் தூக்கத்துக்காக ஒரு நாட்டு ஜனங்கள் வாயை மூடிக்கொண்டு கிடக்க வேண்டுமா? நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வீட்டில் அவள் புருஷன் தனசிங் அண்ணாச்சி படுக்கையில் கிடக்கிறார், அவருக்குக் கஞ்சி கொடுக்க நேரமாயிற்று என்று ஓடிவிட்டாள். நாலு மணிக்குப் போன் வரும்போது சொல்லிக்கொள்ளலாம்.

நவம்பர் 4, திங்கள்

நேற்று நாலு மணிக்கு வந்த போன் ஐந்தேகாலுக்குத்தான் முடிந்தது. அண்ணாச்சி போன வருஷம் பக்கவாதத்தில் விழுந்ததிலிருந்து அவர் கண் அசரும் நாலு மணிதான் ரூபிக்கு ஓய்வு. அந்த நேரத்தில் எனக்குப் போன் செய்வாள். எனக்கு வருகிற போனே அது ஒன்றுதான். மற்றதெல்லாம் லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள்.

முழுக்க அந்தாளைப் பற்றித்தான் சண்டை. நடுவில் அவள் பழைய ஆபரேட்டர் குரலை எடுத்து, "மூணு நிமிஷம் ஆயிட்டு, நீட்டவா?" என்றாள். எப்போதும் செய்கிற கேலிதான். அந்தக் காலத்தில் வெளியூருக்குப் பேச டிரங்க் கால் பதிவு செய்தால் மூன்று நிமிஷம்தான். முடிந்ததும் ஆபரேட்டர் லைனுக்குள் வந்து, நீட்டவா என்று கேட்டாக வேண்டும். கேட்காமல் துண்டித்தால் மெமோ. நாங்கள் இருவருமே ஒரு மெமோகூட வாங்காதவர்கள்.

"நீட்டு, நீட்டு. நான் இன்னும் பாதிகூட திட்டி முடிக்கல" என்றேன். சிரித்தாள்.

நவம்பர் 6, புதன்

பேனா தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்தான்.

எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெண்கள் எல்லோருக்குமாக வாட்ஸ்அப்பில் குழு ஆரம்பித்தது நான். அட்மின் நான். காலை வணக்கம், ரோஜாப் பூ, கஷாயக் குறிப்பு என்று கிடந்த குழுவில் நாலு நல்ல விஷயம் படிக்கட்டுமே என்று பாடுபடுவதும் நான். இன்று அந்தப் பத்திரிகை ஆசிரியரைப் பற்றி நீளமாக எழுதினேன். "கேள்வி கேட்பவனைப் பூட்டுகிறவன் தலைவன் அல்ல, பயந்தாங்கொள்ளி" என்று முடித்திருந்தேன். எனக்கே பிடித்திருந்தது.

அதற்குக் கீழே ரூபி ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் எழுதியது. நம் ஊர் கேபிள் சேனல் ஒன்று ஒழுகுகிற பள்ளிக்கூடக் கட்டடத்தைக் காட்டியதற்காக அதை நிறுத்தி, செய்தி சேகரித்த பையனையும் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் ஓட்டுப் போடும் கட்சியின் ஆட்கள்தான் செய்தார்கள். அப்போது நான், "குழப்பம் பண்ணுகிறவர்களை இப்படித்தான் அடக்க வேண்டும்" என்று எழுதியிருந்தேனாம். ஸ்கிரீன்ஷாட்டுக்குக் கீழே ரூபி எழுதியிருந்தாள்: "ரெண்டும் நீ எழுதினதுதான் செம்பா. இதுல எது ஒன்னோடது?"

அது வேறு, இது வேறு. அந்தப் பையன் பேசிய தோரணையே சரியில்லை. இதையெல்லாம் விளக்கி எழுத ஆரம்பித்தேன். அதற்குள் ஆறேழு பேர் ரூபியின் பதிவுக்குச் சிரிக்கிற பொம்மை போட்டுவிட்டார்கள். வடிவு இரண்டு பொம்மை.

ரூபியைக் குழுவிலிருந்து நீக்கினேன். வாட்ஸ்அப்பில் பிளாக். போனிலும் பிளாக். ஒரு நாள் இருக்கட்டும், புத்தி வரும்.

நவம்பர் 7, வியாழன்

வாட்ஸ்அப்பில் பிளாக்கை எடுத்துவிட்டேன். எனக்கு மனசு பெரிது.

நாலு மணிக்குப் போன் வரவில்லை. ஐந்து மணிக்கும் வரவில்லை. தப்பும் செய்துவிட்டு வீம்பு வேறு.

நவம்பர் 8, வெள்ளி

குழுவில் சலசலப்பு. "ரூபியக்கா எங்கே?" என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். குழுவின் கட்டுப்பாட்டுக்காக இனி அட்மின் மட்டும் பதிவிடும்படி மாற்றினேன். நான் ஒன்றும் தான்தோன்றி இல்லை. முறைப்படி வாக்கெடுப்பும் வைத்தேன். "இந்த ஏற்பாடு சரிதானே?" என்று கேட்டேன். தேர்ந்தெடுக்க, சரி, மிகவும் சரி என்று இரண்டு பதில் கொடுத்திருந்தேன். ஒருவர்கூட எதிர்க்கவில்லை.

மதியம் செய்தி பார்த்தேன். அந்தாள் தேர்தலில் ஜெயித்துவிட்டாராம், நூற்றுக்குத் தொண்ணூற்றாறு ஓட்டு. வாய்விட்டுச் சிரித்தேன். எதிர்க்க ஆளே இல்லாத ஊரில் எதற்கு ஓட்டுப்பெட்டி? உடனே குழுவில் போட்டேன்.

கேஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்த தம்பியிடம் விஷயத்தைச் சொன்னேன். "அப்படியாம்மா" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான்.

நவம்பர் 10, ஞாயிறு

கை பழக்கத்தில் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து அரைத்துவிட்டேன். சர்ச் விட்டு ஆட்கள் குடை பிடித்துக்கொண்டு தெருவில் போனார்கள். வாசல் லைட்டைச் சரிபார்ப்பதற்காகக் கொஞ்ச நேரம் வெளியில் நின்றேன். லைட் நன்றாகத்தான் எரிகிறது.

நவம்பர் 11, திங்கள்

தோசை. ராத்திரிக்கும் தோசை.

நவம்பர் 13, புதன்

குழுவில் எல்லாம் அமைதி. நான் எழுதுவதற்கு ஒரு மறுப்புக் கிடையாது. முன்பெல்லாம் வடிவாவது கட்டைவிரல் தூக்குவாள், இப்போது அதுவும் இல்லை. படித்துவிட்டார்களா என்று பார்த்தேன். பாதிப் பேர் திறக்கவே இல்லை.

பேச்சுக்கு ஆள் வேண்டியிருந்ததால் முகநூலுக்குப் போனேன். அந்தாளைப் பற்றிய ஒரு செய்திக்குக் கீழே புலிப் படம் வைத்த ஒருவன், "சீமாட்டி, போய்ச் சாம்பாரைப் பாருங்க" என்று எனக்குப் பதில் போட்டான். விடுவேனா? பிடிபிடி என்று பிடித்தேன். அவனும் விடவில்லை. "அந்த நாட்டுக்கு நியாயம் பேசுறீங்க, இந்த நாட்டுக்கு மட்டும் ஏன் வாயே திறக்கல?" என்று அவனும் அதே பாட்டைப் பாடினான். மத்தியானம் முழுக்க ஓடிற்று. காப்பி குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவன், "ஷிப்டுக்கு நேரமாச்சு ஆன்ட்டி, வரேன்" என்று எழுதினான். "நாளைக்கு இதே நேரம் வா" என்று எழுதினேன். பிறகு அது எப்படியோ இருந்ததால் அழித்துவிட்டேன்.

அவன் போன பிறகு வீட்டில் பிரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்டது. அது எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது போலிருக்கிறது.

நவம்பர் 15, வெள்ளி

நான் சொன்னேனா இல்லையா! அந்த நாட்டில் ஜனங்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். அந்தாள் விமான நிலையங்களைப் பூட்டிவிட்டார், உள்ளே இருப்பவர்கள் யாரும் வெளியே போக முடியாதாம். காலையிலேயே குழுவில் போட்டேன்: "ரட்சகர் என்றவர்கள் இப்போது எங்கே?"

ரூபி குழுவில் இல்லை என்பது போட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஆல்வினுக்கு ஒன்றும் இராது. கம்பெனி குடியிருப்பில் பத்திரமாகத்தான் இருப்பான். ரூபி பயந்துபோய்த்தான் கிடப்பாள். போன் செய்யட்டும், நான் நாலு தைரியம் சொல்ல மாட்டேனா? நாலு மணிக்குப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்தேன். வரவில்லை. இவ்வளவு ஆனபிறகும் என்ன அழுத்தம் இவளுக்கு!

நவம்பர் 17, ஞாயிறு

மாவை மறுபடி அதிகமாகவே அரைத்திருக்கிறேன். மீதியைச் சாக்கடையில் ஊற்றினேன்.

நவம்பர் 20, புதன்

பேங்க்குக்குப் போனேன். நவம்பர் மாதத்துக்குள் நாம் உயிரோடு இருக்கிறோம் என்று ரேகை வைத்துக் காட்டினால்தான் பென்ஷன் தொடர்ந்து வரும். வருஷா வருஷம் குழுவில் நாள் குறித்து எல்லோரும் சேர்ந்து போவோம், வைத்துவிட்டு ஜங்ஷனில் அல்வா சாப்பிடுவோம். இந்த வருஷம் யாரும் பேச்செடுக்கவில்லை. நானே போய்விட்டு வருவோம் என்று கிளம்பினேன்.

என் கட்டைவிரலை மெஷின் ஏற்கவில்லை. துடைத்து வைத்தேன், இடது கை வைத்தேன், ஊஹூம். உயிரோடு நிற்கிறேன், மெஷின் நம்ப மாட்டேன் என்கிறது. கவுண்டரில் இருந்த பெண் முகத்தைப் படம் எடுத்துப் பதிவு செய்துகொடுத்தாள்.

"உங்க செட்டு எல்லாரும் திங்கக்கிழமையே ஒண்ணா வந்துட்டுப் போயிட்டாங்களே மேடம். நீங்கதான் மிஸ் பண்ணிட்டீங்க" என்றாள். "ஒருத்தங்க மட்டும் வரல. வீட்டுல துக்கம்னு சொன்னாங்க."

யார் வீட்டில் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை.

மார்க்கெட் பக்கம் திரும்பினேன். சுவரில் வரிசையாகப் போஸ்டர், மழையில் பாதி கிழிந்து. தனசிங் அண்ணாச்சி கோட்டுப் போட்டுக்கொண்டு சிரித்தார். கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். நவம்பர் 15. அடுத்த நாள் அடக்க ஆராதனை.

ஆட்டோக்காரர் எங்கே போகணும் என்று இரண்டு தரம் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு என்றேன். வந்ததும் வடிவுக்குப் போன் போட்டேன்.

"ஏம்ளா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே?"

"எதுலக்கா சொல்ல? குரூப்புல நீங்க மட்டுந்தான பேசலாம்னு பூட்டி வச்சிருக்கீங்க" என்றாள் வடிவு. பிறகு இழுத்து இழுத்து, "நாங்க எல்லாரும் வேற குரூப்பு ஒண்ணு வச்சிருக்கோம். அன்னைக்கே ஆரம்பிச்சாச்சு. அடக்கத்துக்கு எல்லாரும் போனோம்" என்றாள்.

"போன் பண்ணியிருக்கலாம்லா வடிவு?"

"பண்ணணும்னு ரூபியக்காகூட சொன்னாவ. ஒங்ககிட்ட யாரு பேச, யாரு ஏச்சு வாங்கன்னு ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துக்கிட்டே விட்டுட்டோம். தப்புதான்."

என் குழுவில் ஒருவரும் வெளியேறவில்லை. எல்லோரும் இருந்தார்கள். இருந்துகொண்டே போய்விட்டார்கள்.

நவம்பர் 21, வியாழன்

துக்க வீட்டுக்குக் கையில் ஒன்றும் கொண்டுபோகக் கூடாது. வெறுங்கையோடு இரண்டு தெரு நடப்பது இவ்வளவு பெரிய தூரம் என்று தெரியாது.

அண்ணாச்சி கிடந்த கட்டிலை மடக்கிச் சுவரில் சாத்தியிருந்தார்கள். அது இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறம். ரூபி அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. வா என்று சொல்லவில்லை, துக்க வீட்டில் சொல்லவும் மாட்டார்கள். எதிரில் உட்கார்ந்தேன். அண்ணாச்சியைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன், நான்தான் அழுதேன்.

அழுது முடிகிற வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவியளுக்கு மூச்சுத் திணறுனப்ப மொத போன் ஒனக்குத்தான் போட்டேன்" என்றாள். "நீதான பக்கத்துல இருக்க. திரும்பத் திரும்பப் போட்டேன். ரிங்கே போகல. பிறகு வடிவுக்குப் போட்டு, அவ டவுன்ல இருந்து வாரதுக்குள்ள…"

"நான் பிளாக்க எடுத்துட்டேன் ரூபி. மறுநாளே வாட்ஸ்அப்புல எடுத்துட்டேன்."

"அந்த நேரத்துல நான் வாட்ஸ்அப்ப கண்டேனா? போனுதான் போட்டேன்."

போனில் போட்ட பிளாக்கை நான் எடுக்கவே இல்லை. இத்தனை நாளும் நாலு மணிக்கு அவள் கூப்பிடவில்லை என்று நான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். கூப்பிட்டியா, தினமும் கூப்பிட்டியா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"ஆல்வின் வரலியா?" என்றேன். கேட்ட பிறகுதான் உறைத்தது.

"எங்க விட்டானுவ? ஏர்போர்ட்டு பூட்டிக் கெடந்துச்சே. வடிவு போனத் தூக்கிப் பிடிச்சா, அதுலதான் அவன் அப்பன் மொகத்தப் பாத்தான்." கொஞ்ச நேரம் கட்டிலையே பார்த்தாள். "நீ சொன்னதுதான் சரி செம்பா. அந்தாள் மோசமானவன்தான்."

இந்த வார்த்தையை இவள் வாயால் கேட்க வேண்டும் என்று எத்தனை நாள் மல்லுக்கட்டியிருப்பேன்! ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் தெருவைக் கூட்டிச் சொல்லியிருப்பேன். இன்று அதைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை.

"அதெல்லாம் இப்ப எதுக்கு ரூபி."

"இரு, சொல்லி முடிச்சிருதேன். அவன் யாரோ எவனோ. அவன் கேக்காமத்தான் பூட்டுவான். ஊரு பேரு தெரியாதவங்ககிட்டகூட நாம கேட்டுட்டுத்தான லைன எடுத்தோம்? மூணு நிமிஷம் ஆயிட்டு, நீட்டவான்னு. முப்பது வருஷம் கேட்டோம்லா? என்கிட்ட நீ கேட்டியாட்டி?"

அது வேறு என்று ஒரு வார்த்தை என் நாக்கில் தயாராக இருந்தது. அதை விழுங்க எனக்கு நெடுநேரம் ஆயிற்று.

துக்க வீட்டிலிருந்து போய்ட்டு வாரேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. எழுந்து அப்படியே வந்தேன். ரூபி தலை நிமிரவில்லை. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு, சொல்லாமல் போகிற வழக்கத்தை யார் கண்டுபிடித்தார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

போன் பிளாக்கைப் போடத் தெரிந்த எனக்கு எடுக்கத் தெரியவில்லை, வரும் வழியில் மொபைல் கடையில் கொடுத்து அதையும் எடுக்கச் சொன்னேன். கடைக்காரர் ஒரு விரலால் ஒரு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான்.

நவம்பர் 22, வெள்ளி

குழுவைத் திறந்துவிட்டேன். எல்லோரும் பேசலாம் என்று போட்டேன். பிறகு இதையும் எழுதினேன்: "ரூபியைக் கேட்காமல் நீக்கியது தப்பு. ஸ்கிரீன்ஷாட்டில் இருந்தது நான் எழுதியதுதான். அந்தக் கேபிள் பையன் விஷயத்தில் நான் எழுதியதும் தப்பு. எங்கள் கட்சி என்பதால் எழுதினேன். அந்த அதிபரைப் பற்றிச் சொன்னதில் மட்டும் மாற்றமில்லை."

கடைசி வரி இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அதுவும் உண்மைதானே.

ஒருவரும் பதில் போடவில்லை. மாலைக்குள் மூன்று பேர் குழுவைவிட்டு வெளியேறியிருந்தார்கள். இப்போதாவது சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

நவம்பர் 23, சனி

மழை விட்டது. புடவை காய்ந்தது. வேறொன்றுமில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

சர்ச் விடுகிற நேரத்தில் வாசலுக்குப் போகவில்லை. உள்ளேயே இருந்தேன். மாவு இரண்டு வீட்டுக்குத்தான் அரைத்திருக்கிறேன், பிரிட்ஜில் இருக்கிறது.

நாலு மணிக்கு நானே போன் போட்டேன். இத்தனை வருஷத்தில் நாலு மணிப் போனை நான் போட்டதில்லை, அவள்தான் போடுவாள் என்பதே இன்றுதான் உறைத்தது. ரிங் போய்க்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று நினைக்கும்போது எடுத்தாள்.

"யாரு?" என்றாள், பெயர் வந்திருக்கும் என்று தெரிந்தே.

"செம்பா."

"ம்."

சாப்பிட்டாயா என்றேன். சாப்பிட்டாளாம். ஏர்போர்ட் திறந்துவிட்டார்களாமே என்றேன். ஆல்வினுக்கு வியாழக்கிழமை டிக்கெட் கிடைத்திருக்கிறதாம். மழை விட்டுவிட்டது என்றேன். ஆமாம் என்றாள். அவள் வீட்டில் குக்கர் சீறுகிற சத்தம் கேட்டது. அவளும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"மூணு நிமிஷம் ஆயிட்டு ரூபி" என்றேன். எக்ஸ்சேஞ்சில் எத்தனையோ சாவுச் செய்திக்கு நடுவில் புகுந்து கேட்டிருக்கிறேன், அப்போதெல்லாம் என் குரல் பிசகியதில்லை. இன்று பிசகியது. "நீட்டவா?"

குக்கர் இன்னொரு விசில் அடித்து அடங்கியது.

"இன்னைக்கு வேண்டாம்" என்றாள்.

இன்னைக்கு என்றுதான் சொன்னாள்.